ஒரு வார்த்தை கேட்டார்களா?

1985ஆம் ஆண்டின் இறுதி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பில் இருந்த செல்லப்பன் நிர்மலாவுக்கு வயது முப்பத்திரண்டு. ஆய்வேட்டுக்காகப் பேராசிரியர் சுனிதி சாலமன் கொடுத்த தலைப்பு அவரைத் தயங்க வைத்தது. பாலியல் தொழிலாளிகளின் ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எய்ட்ஸ் எல்லாம் அமெரிக்காவில் வருவது, நம் ஊர் ஒழுக்கத்துக்கு அது எட்டிப் பார்க்காது என்று படித்தவர்களே அடித்துப் பேசிய காலம் அது.

மும்பை, கல்கத்தா போலச் சென்னையில் பாலியல் தொழிலுக்கென்று ஒரு தெரு கிடையாது. பால்வினை நோய்க்குச் சிகிச்சை பெற அரசு பொது மருத்துவமனைக்கு வந்த பெண்களிடம் நிர்மலா மெல்லப் பேச்சுக் கொடுத்தார். அவர்கள் மூலம் தெரிந்துகொண்ட இடம், போலீஸ் பிடித்துவரும் பெண்களை அடைத்துவைக்கும் அரசுக் காப்பகம். பஸ் காசை மிச்சப்படுத்தக் கணவர் ராமமூர்த்தி தினமும் ஸ்கூட்டரில் கொண்டுவந்து வாசலில் விடுவார். கையுறை கிடையாது, வேறு பாதுகாப்பும் கிடையாது. மூன்று மாதத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட பெண்களிடம் ரத்தம் எடுத்தாயிற்று. பிரித்தெடுத்த ஊநீரை வைக்க வேறு வசதி இல்லாததால் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார் நிர்மலா.

சென்னையில் பரிசோதனைக் கருவியும் இல்லை. 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியோடு கணவனும் மனைவியும் ராத்திரி ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து வேலூர் சி.எம்.சி.க்குப் போனார்கள். அங்கே ஆறு மாதிரிகள், கிருமி இருப்பதன் அடையாளமாக, மஞ்சளாக மாறின. அமெரிக்காவில் செய்த மறுபரிசோதனையும் அதையே உறுதி செய்தது. மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று நாடு அறிந்தது அப்படித்தான்.

நிர்மலாவும் சுனிதி சாலமனும் செய்தது மகத்தான வேலை. அந்த ஆய்வு நடக்காமல் போயிருந்தால் இந்தியா இன்னும் பல ஆண்டுகள் கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கும். ஆனால் அதே கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. பிற்பாடு பேட்டியில் நிர்மலாவே இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அன்றைய மருத்துவ வழக்கம் அது. ஏழையிடமும் காவலில் இருப்பவரிடமும் அனுமதி கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாத வழக்கம்.

அதன் விளைவைச் சுமந்தவர்கள் அந்தப் பெண்கள். கிருமி இருப்பதாகத் தெரிந்தவர்களைக் காவல் காலம் முடிந்த பிறகும் வெளியே விடவில்லை. வெளியே போனால் பரப்பிவிடுவார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. அவர்களைத் தேடிப் போன ஆண்களைப் பிடித்து வைக்க வேண்டும் என்று ஒருவரும் சொன்னதாகத் தெரியவில்லை. பத்திரிகையாளர் ஷ்யாமளா நடராஜ் பொதுநல வழக்குப் போட்டு, விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 1990இல்தான் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது.

விளிம்பில் இருப்பவர்களுக்குப் பாலியல் சுகாதாரமும் கருத்தடையும் மகப்பேறு மருத்துவமும் எப்படிப் போய்ச் சேர்கின்றன என்று இந்த நாற்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் ஒன்று மட்டும் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுச் செய்த இடங்களில் திட்டம் வேரூன்றியது. கேட்காமல் செய்த இடங்களில் நல்ல மருந்துகூட நாசமாகப் போனது.

பச்சை அங்கி போட்டவர்கள்

1992இல் கல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் சோனாகாச்சிக்குள் கொள்ளைநோய் மருத்துவர் ஸ்மரஜித் ஜானா நுழைந்தபோது அவர் கையில் இருந்தது ஒரு கணக்கெடுப்புத் திட்டம். உள்ளே போன பிறகு திட்டமே மாறியது. டாக்டர் வந்து வகுப்பெடுத்தால் எந்தப் பெண்ணும் காது கொடுக்க மாட்டாள் என்று அவருக்குப் புரிந்தது. அங்கே தொழில் செய்யும் பெண்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, பச்சை அங்கி போட்டுச் சந்துசந்தாக அனுப்பினார். அதுவரை 'அந்த மாதிரிப் பொம்பளை' என்று மட்டும் அழைக்கப்பட்டவர்கள் முதல் தடவையாகச் சுகாதாரப் பணியாளர் ஆனார்கள்.

அவர்கள் கொண்டுவந்த செய்தி டாக்டர்கள் எதிர்பார்த்தது இல்லை. ஆணுறை வேண்டாம் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை, ஆணுறை மாட்டச் சொன்னால் கஸ்டமர் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறான், வட்டிக்காரனுக்கு அன்று காசு கொடுக்க முடியவில்லை என்றார்கள். ஆகவே எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் மறுத்தால்தான் நடக்கும் என்று முடிவானது. 1995இல் துர்பார் மகிளா சமன்வய சமிதி என்ற சங்கமும், வட்டிக்காரர்களிடமிருந்து விடுபட உஷா கூட்டுறவுச் சங்கமும் பிறந்தன. பாலியல் சுகாதாரத் திட்டத்துக்குள் சேமிப்புக் கணக்கு எதற்கு என்று கேட்டவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகள் விடை சொல்லின. 1992இல் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் இருந்த ஆணுறைப் பயன்பாடு, தொண்ணூறுகளின் இறுதியில் பத்தில் ஒன்பதாக உயர்ந்தது. ஜானா 2021 மே மாதம் கொரோனாவில் காலமானார்.

தமிழ்நாட்டு நிலைமை வேறு. இங்கே வேலை நடப்பது பஸ் ஸ்டாண்டில், லாட்ஜில், நெடுஞ்சாலை ஓரத்தில், இன்று பெரும்பாலும் செல்போனில். முகவரி இல்லாத ஒரு தொழிலுக்குள் மருத்துவத்தைக் கொண்டுபோவது எப்படி? 1994இல் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கென்று தனிச் சங்கத்தைப் பதிவு செய்து நாட்டுக்கே முன்மாதிரி காட்டியது தமிழ்நாடு. கோப்பு கோட்டைக்குப் போய் வரக் காத்திருக்காமல் பணம் செலவழிக்க முடிந்தது. 2000களின் தொடக்கத்தில் சுவருக்குச் சுவர் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற கேள்வி தமிழ்நாட்டையே பேச வைத்தது. டீக்கடையில் எய்ட்ஸ் என்ற சொல்லைச் சத்தமாக உச்சரிக்க வைத்த விளம்பரம் அது. அதற்குப் பின்னால் விளம்பரத்தில் வராத பெண்களின் உழைப்பு இருந்தது.

கள ஊழியர்கள் 'பியர்' என்று கூப்பிடும் சகதோழியின் வேலை இப்படி. ஏறத்தாழ அறுபது பெண்கள் ஒருவர் பொறுப்பில். யார் புதிதாக வந்திருக்கிறார், யார் ஊர் மாறிவிட்டார், யாருக்கு வெள்ளைப்படுதல், யார் கர்ப்பம், யாரை நேற்று போலீஸ் தூக்கிப்போனது எல்லாம் அவருக்குத் தெரியும். கைப்பையில் ஆணுறை, மரத்தில் செய்த செயல்விளக்க மாதிரி, ஒரு நோட்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனைக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைக்கும் அழைத்துப் போக வேண்டும். அரசு மருத்துவமனையில் இந்தப் பரிசோதனை நடக்கும் நம்பிக்கை மையத்துக்கு வழி காட்டினால் மட்டும் போதாது. "வாக்கா, நானும் வர்றேன்" என்று கூடவே போய் வரிசையில் நிற்க வேண்டும். ஓ.பி. சீட்டு எழுதுகிறவர் "என்ன தொழில்?" என்று உரக்கக் கேட்டுவிட்டால் அந்தப் பெண் அடுத்த முறை அந்தப் பக்கமே வர மாட்டார். அந்த ஒரு கணத்தைச் சமாளிக்கத்தான் தோழி பக்கத்தில் நிற்கிறார்.

இவர்கள் கைப்பையில் இருந்த ஆணுறையையே ஆதாரமாகக் காட்டிப் போலீஸ் வழக்குப் போட்ட காலமும் உண்டு. ஒரு துறை இலவசமாகக் கொடுத்ததை இன்னொரு துறை குற்றத்தின் சாட்சியாக்கியது. 2022 மே மாதம் புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்ற பரிந்துரைகளில் ஆணுறையை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்பதும் ஒன்று. பாலியல் தொழிலாளி வன்முறைக்கு ஆளானால் மற்ற எந்தப் பெண்ணுக்கும் கிடைக்கும் மருத்துவ உதவி அவருக்கும் உடனே கிடைக்க வேண்டும் என்பது இன்னொன்று. அந்தப் பரிந்துரைகளைத் தயாரித்த குழுவில் துர்பார் சங்கமும் இடம்பெற்றிருந்தது கவனிக்க வேண்டிய விஷயம்.

கிருமியோடு வாழ்பவர்களும் தங்களுக்காகத் தாங்களே பேச முன்வந்தார்கள். லாரித் தொழிலால் தொற்று பரவிய நாமக்கல் பகுதியிலிருந்து வந்த கௌசல்யா பெரியசாமி, திருமணத்தின் மூலம் கிருமியைப் பெற்றவர். 1998இல் சென்னையில் எச்.ஐ.வி.யுள்ள பெண்களுக்கான கூட்டமைப்பைத் தொடங்கினார். கணவனிடமிருந்து தொற்று வந்தவளுக்கு அடுத்து வருவது சொத்துத் தகராறு, குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது, மாமியார் வீட்டிலிருந்து துரத்தப்படுவது. மருத்துவத் திட்டங்களில் இவற்றுக்கான பத்தி இல்லாதிருந்தது. அதை எழுத வைத்தவர்கள் இவர்கள்.

2001இல் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 1.13 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. 2007இல் அது 0.25 சதவீதம். ரத்த வங்கிகளின் கட்டுப்பாடு, தாம்பரம் சானடோரியம் உள்ளிட்ட மையங்களில் 2004 ஏப்ரல் முதல் இலவசமாகக் கிடைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை, லாரி ஓட்டுநர்களிடம் நடந்த பிரசாரம் என்று இந்த வெற்றிக்குப் பல கைகள் உதவின. அறுபது பெண்களின் பெயர் எழுதிய அந்த நோட்டுக்கு அதில் உரிய பங்கை யாரும் மறுக்க முடியாது.

விடுதிக் காப்பாளரின் கையெழுத்து

கேட்காமல் செய்ததற்கு இந்த நாடு கொடுத்த விலைக்குக் கம்மம் மாவட்டம் சாட்சி. அப்போது ஆந்திரம், இப்போது தெலங்கானா. 2009இல் பத்து முதல் பதினான்கு வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடும் செயல்விளக்கத் திட்டம் அங்கே தொடங்கியது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் நல்ல ஊசி அது. பத்ராசலம் பக்கத்துப் பழங்குடிச் சிறுமிகள் பலர் அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோர் காட்டுக்குள், எட்டாத கிராமங்களில். யார் அவ்வளவு தூரம் போய்க் கேட்பது? பின்னர் நடந்த விசாரணையில் 9,543 ஒப்புதல் படிவங்களைப் பார்த்தபோது 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டிருந்தது தெரியவந்தது.

திட்டம் நடந்த ஆந்திரத்திலும் குஜராத்திலும் அந்தக் காலத்தில் ஏழு சிறுமிகள் இறந்தார்கள். அந்த மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனால் மகளுக்கு ஊசி போட்டதே தெரியாத தாயிடம் அதைச் சொல்லி என்ன பயன்? 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. எச்.பி.வி. ஊசி என்றாலே பழங்குடிச் சிறுமிகளைப் பரிசோதனை எலியாக்கியது என்ற பேச்சு நிலைத்தது. நாடு தழுவிய திட்டம் பத்தாண்டுகளுக்கு மேல் தள்ளிப்போனது. இந்தியாவில் ஓர் ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வருகிறது, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாகிறார்கள். ஒப்புதல் வாங்கும் வேலையில் மிச்சம் பிடித்த சில வாரங்களுக்கு நாம் கொடுத்த விலை இவ்வளவு.

பின்னர் தமிழ்நாடு அதே ஊசியைப் பதினான்கு வயதுச் சிறுமிகளுக்குப் போட 2025 நிதிநிலை அறிக்கையில் 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் இங்கேயும் ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. செங்கல் சூளைக்கு வேலைக்குப் போன இருளர் பெற்றோர் ஊரில் இருக்க மாட்டார்கள். கம்மத்துப் படிவங்கள் நம் அதிகாரிகளின் மேசையில் எப்போதும் இருக்க வேண்டும்.

பிலாஸ்பூர் இன்னும் கொடியது. 2014 நவம்பர் 8ஆம் தேதி சத்தீஸ்கரின் அந்த மாவட்டத்தில், நீண்ட நாள் மூடிக் கிடந்த ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம். ஒரே மருத்துவர், சில மணி நேரத்தில் 83 அறுவை. வந்தவர்கள் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைப் பெண்கள். பதின்மூன்று பேர் பிணமானார்கள். காரணம் சுகாதாரக் கேடா, கொடுத்த மாத்திரையில் கலந்த நஞ்சா என்று விவாதம் நடந்தது. ஒரு நாளில் இத்தனை என்ற இலக்கு அதற்கு முன்பே அவர்களைக் கொல்லத் தொடங்கிவிட்டது என்பதே உண்மை. 2016 செப்டம்பரில் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுக்குள் இத்தகைய முகாம்களை ஒழிக்கச் சொன்னது.

அதே சத்தீஸ்கரில் இதன் மறுபக்கமும் உண்டு. பைகா பழங்குடியினர் எண்ணிக்கையில் குறைந்துவிடக் கூடாது என்று 1979இல் போட்ட ஓர் அரசாணை, அவர்கள் கருத்தடை அறுவை செய்துகொள்வதைத் தடுத்தது. அடுத்தடுத்துப் பிரசவித்து உடம்பு தேய்ந்த ஒரு பைகாப் பெண் போதும் என்று சொன்னாலும் அரசு மருத்துவமனை கைவிரித்தது. வேண்டாம் என்ற பெண்ணுக்கு முகாமில் கத்தி வைத்தார்கள், வேண்டும் என்ற பெண்ணைத் திருப்பி அனுப்பினார்கள். பைகா மக்களே வழக்குத் தொடுத்து 2018இல் உயர் நீதிமன்றத்தில் அந்தத் தடையை உடைத்தார்கள்.

ஆண்கள் எங்கே என்ற கேள்வியும் எழுகிறது. நெருக்கடி நிலைக் காலத்தின் ஒரே ஆண்டில் எண்பது லட்சத்துக்கு மேல் கருத்தடை அறுவை நடந்தது. அதில் பெரும்பாலோர் ஆண்கள். அடுத்த தேர்தலில் ஆட்சியே கவிழ்ந்தது. அதன் பிறகு எந்த அரசும் ஆண்களைத் தொடவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் பெண்களின் கருத்தடை அறுவை 37.9 சதவீதம், ஆண்களுடையது 0.3 சதவீதம். ஆணுக்கான அறுவை எளியது, ஆபத்து குறைந்தது என்று எல்லா மருத்துவருக்கும் தெரியும்.

நீதிபதி படித்த பாடம்

தமிழ்நாடு பெருமைப்பட இடமுள்ள ஒரு துறை திருநங்கையர் நலம். 2008 ஏப்ரல் 15இல் நாட்டிலேயே முதல்முறையாக அவர்களுக்கென்று நலவாரியம் அமைந்தது. பாலின மாற்று அறுவை அரசு மருத்துவமனையிலேயே இலவசமாகக் கிடைக்க வழி பிறந்தது. அதற்கு முன் 'நிர்வாணம்' என்று சமூகத்துக்குள் அழைக்கப்படும் அந்த அறுவைக்கு இருந்த வழி, மூத்த தாயம்மா கையிலோ வெளிமாநிலச் சிறு மருத்துவமனையிலோ உயிரைப் பணயம் வைப்பதுதான். திருநங்கை எழுத்தாளர் லிவிங் ஸ்மைல் வித்யா தன் வாழ்க்கை வரலாற்றில் அந்த வலியை எழுதிய பிறகுதான் தமிழ் வாசகரில் பலருக்கு அது உறைத்தது.

இடைப்பால் உடலோடு பிறக்கும் குழந்தைகளின் கதை இன்னும் மௌனமானது. ஆணா பெண்ணா என்று தீர்மானமாகத் தெரியவில்லை என்றால் பெற்றோரும் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுத்துக் கத்தி வைத்துவிடுவார்கள். வளர்ந்த பிறகு அந்த உடம்பில் வாழ வேண்டியவரின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி பச்சிளம் குழந்தைகளுக்கு இந்த அறுவை கூடாது என்று தமிழ்நாடு ஆகஸ்டில் ஆணையிட்டது. இந்தியாவில் இப்படித் தடை செய்த முதல் மாநிலம் இதுதான்.

2021இல் மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள் சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் வந்தபோது நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் செய்ததை எல்லா மருத்துவக் கல்லூரியிலும் பாடமாக வைக்கலாம். தன்பால் ஈர்ப்பு பற்றித் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் அமர்வுக்குப் போனார். அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களிடமும் பேசிக் கேட்டறிந்தார். பிறகே தீர்ப்பு எழுதினார். பாலின ஈர்ப்பை 'மாற்றுவதாக'ச் சொல்லும் சிகிச்சைகளைத் தடை செய்யச் சொன்னார். உயர் நீதிமன்ற நீதிபதிக்கே கேட்டுத் தெரிந்துகொள்வதில் கௌரவக் குறைவு இல்லை என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெள்ளை கோட்டு போட்டவருக்கு என்ன தயக்கம்?

இந்தப் பெருமைகளுக்கு நடுவே நம் மாநிலத்தின் ஆடைத் தொழிற்கூடங்களில் மாதவிலக்கு வலி என்று சொன்ன பெண்களுக்கு மேற்பார்வையாளர்கள் பெயரே இல்லாத மாத்திரையைக் கையில் திணித்த செய்தியும் 2019இல் வெளிவந்தது. தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் சுமார் நூறு பெண்களிடம் பேசி எழுதியது அது. அட்டையில் பெயர் இல்லை, பக்கவிளைவு பற்றிப் பேச்சு இல்லை. மிஷின் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். இன்று அந்த மிஷின்களில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து வந்த பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வலியைச் சொல்ல அவர்களுக்குத் தமிழும் தெரியாது.

பதினாறு, பதினேழு வயதில் கருவுற்ற பெண்ணின் பாடு இன்னும் மோசம். சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப்படி மருத்துவர் போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். காதலித்த பையன் ஜெயிலுக்குப் போவான், ஊர் சிரிக்கும் என்று பயந்து அவள் அரசு மருத்துவமனையைத் தவிர்க்கிறாள். மருந்துக்கடை மாத்திரை, போலி டாக்டர், பிறகு ரத்தப்போக்கு. 2022 செப்டம்பர் 29இல் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி காட்டியது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குக் கொடுக்கும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை. திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை கருக்கலைப்பு உரிமையில் பாகுபாடு கூடாது என்றதும் அதே தீர்ப்புதான். இந்தத் தீர்ப்பு ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

இப்போது புதிய ஆபத்து பணத்தில் இருக்கிறது. 2021இல் ஐதராபாத்தில் திருநர்களே நடத்தும் 'மித்ர்' மருத்துவமையம் தொடங்கியது. ஹார்மோன் சிகிச்சை, பால்வினை நோய்ச் சிகிச்சை, மனநல ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின் கீழ், அவமானம் இல்லாமல். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்திய கையோடு அது மூடப்பட்டது. பின்னர் டாடா அறக்கட்டளை உதவியில் அங்கே வேறு பெயரில் மீண்டும் திறக்க முடிந்தது. வாஷிங்டனில் போட்ட ஒரு கையெழுத்து, ஐதராபாத்தில் ஒரு திருநங்கையின் மாதாந்திர மருந்தை நிறுத்தும் என்றால் நம் அரசுகள் இத்தனை காலம் அந்தச் செலவைத் தம்முடையதாக நினைக்கவில்லை என்றே பொருள்.

தமிழ்நாடு அரசிடம் கேட்க வேண்டியவை பெரிய கட்டடங்கள் அல்ல. பாலியல் தொழிலாளிகளிடமும் திருநர்களிடமும் வேலை செய்யும் தோழிகளுக்கு மதிப்பூதியத்துக்குப் பதில் ஒழுங்கான சம்பளம் மாநில நிதியிலிருந்தே வரட்டும். திருப்பூரிலும் கோவையிலும் இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் பெண் ஊழியர்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கட்டும். மில் ஷிப்டு முடிந்து வருகிற பெண்ணுக்காக மாலை எட்டு மணி வரை மகளிர் ஓ.பி. திறந்திருக்கட்டும். திட்டக் குழுக்களில் அந்த மக்களில் இருவராவது உட்காரட்டும்.

வாசகர்களுக்கும் ஒரு தகவல். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டப்படி, விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெறாமல் எந்த மருத்துவமனையும் யாருக்கும் இந்தப் பரிசோதனை செய்யக் கூடாது. முடிவை வெளியே சொல்லவும் கூடாது. வேலையிலும் சிகிச்சையிலும் பாகுபாடு காட்டுவது சட்ட விரோதம். சந்தேகம் கேட்க 1097 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.